சுக்கான் கேட்ட கேள்வி

அடித்து அடித்து வேலை வாங்கிய முரசைத் துடுப்புகளும் சுக்கானும் சேர்ந்துதான் கடலில் தள்ளின. அன்று படகெங்கும் கொண்டாட்டம். மறுநாளே சுக்கான் தலைவனாகிவிட்டது.

"புரட்சியைக் கரைசேர்க்க வேண்டாமா? இன்னும் வேகம், தோழர்களே!" என்றது. ஓய்வு போயிற்று. மூச்சு வீணாகிறதென்று ஏலேலோ பாட்டுக்கும் தடை விழுந்தது. எதிர்த்துப் பேசிய ஒரு துடுப்பைச் சமையல் அடுப்பில் வைத்து எரித்தது சுக்கான்.

அந்தப் புகை முன்வரிசைத் துடுப்பின் நெஞ்சை அடைத்தது. முரசைத் தள்ள முதலில் தோள் கொடுத்ததே அதுதான். இதற்காகவா தள்ளினோம் என்று அதற்கு வயிறெரிந்தது.

"எல்லாரும் தூக்குங்கடா மேலே!" என்று கத்தியது.

அத்தனை துடுப்புகளும் தண்ணீரை விட்டு எழுந்தன. படகு நின்றது.

"துரோகிகளா! பாறையில் மோதி உங்களைத் தூள்தூளாக்குகிறேன் பார்!" என்று சுக்கான் இடப்பக்கம் திரும்பியது. படகு அசையவில்லை. வலப்பக்கம் திரும்பியது. ஊஹூம். நிற்கிற படகை எந்தச் சுக்கான் திருப்பியிருக்கிறது?

முன்வரிசைத் துடுப்பு "ஏலேலோ" என்று எடுத்துக்கொடுத்தது. "ஐலசா!" என்று வரிசை முழுக்க முழங்கியது. பாட்டு முடியும்வரை சுக்கான் காத்திருந்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"எந்தப் பக்கம் திரும்பட்டும், தோழரே?"