பின்னால் எழுதியது மேலே உட்காரும்

முதல் அடி அவன் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் முதுகுகள் மறைத்துவிட்டன.

கண்ணாடி அறைக்கு வெளியே திருமூர்த்தியை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவன் ஓட்டிய பிரஸ்ஸில்தான் மாரப்பனின் வலது கை போனது. எவர்சில்வர் மூடி அடிக்கிற பிரஸ். தகட்டோடு கிளவுஸ் சிக்கிக்கொண்டது. நிறுத்து என்று மாரப்பன் கத்தினான். நிறுத்த வேண்டியவன் திருமூர்த்தி.

பிரஸ் நிற்கவில்லை.

"அமுக்குனேனுங்க... சத்தியமா அமுக்குனேனுங்க..."

அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். யார் நம்புவார்கள்? திரையில் பொத்தானை அமுக்கினால் நிற்கும். நிற்கவில்லை என்றால் அவன் அமுக்கவில்லை. போனை நோண்டிக்கொண்டிருந்திருப்பான். குடித்திருப்பான். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், காரணத்துக்கு ஓர் அடி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த மாரப்பனின் தம்பி காரணம் எதுவும் சொல்லவில்லை. காலரைப் பிடித்த பிடியை விடவுமில்லை.

அந்தத் திரைக்கு நிரல் எழுதியவள் அவள்.

என்ன ஆனது என்று பார்த்து வரச்சொல்லி அவளுடைய கம்பெனிதான் காரில் அனுப்பியிருந்தது. மடிக்கணினியைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்துவிட்டாள்.

திரையை எழுதிய கணினி மொழி பரம சாதுவானது. அதைச் செய், இதைச் செய் என்று ஏவுகிற வேலையே கிடையாது. இருப்பதைச் சொன்னால் போதும். செவ்வகம் என்று பெயரைச் சொல்லி அடைப்புக்குறியைத் திறக்க வேண்டியது. அகலம், முக்காற்புள்ளி, இவ்வளவு. நிறம், முக்காற்புள்ளி, சிவப்பு. குறியை மூடினால் திரையில் சிவப்புச் செவ்வகம் வந்து நிற்கும். குறிக்குள் குறி வைத்தால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் பிள்ளை. அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் உடன்பிறப்பு. பின்னால் எழுதியது முன்னால் எழுதியதன் மேலே உட்காரும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கற்றுக்கொண்டாள். அவ்வளவு சுலபம்.

நிறுத்து பொத்தானை முன்னால் எழுதியிருந்தாள்.

எச்சரிக்கைப் பலகையைப் பின்னால்.

எண்ணெய் சூடேறினால் அந்தப் பலகை திரை முழுக்க வரும். சூடு தணிந்தால் போய்விடும். சட்டென்று போகாமல் பனி மாதிரி மெல்லக் கரையட்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அடர்த்தி, முக்காற்புள்ளி, பூஜ்யம். காட்டிய அன்று ஆபீசில் கை தட்டினார்கள்.

அதன் கீழே இன்னொரு வரி வேண்டும். கரைந்து முடிந்ததும் எடுத்துவிடு என்கிற வரி. அது இருந்தால்தான் பலகை நிஜமாகவே போகும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கீழே இருக்கும் பொத்தானுக்குப் போகவேண்டிய விரலையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும்.

அந்த வரி இல்லை.

சோதித்தபோது ஒவ்வோர் எச்சரிக்கைக்குப் பிறகும் திரையை அணைத்து அணைத்துப் போட்டாள். அணைத்தால் பலகையும் போய்விடும், அதனால் தப்பு மாட்டவில்லை. இங்கே யார் அணைக்கிறார்கள்? காலை ஒன்பதரைக்கு ஓர் எச்சரிக்கை வந்து போயிருக்கிறது. ஒன்பது ஐம்பதுக்கு மாரப்பன் கத்தியிருக்கிறான்.

திருமூர்த்தி அமுக்கியிருக்கிறான். ஒரு தடவை அல்ல. பதினோரு தடவை. பலகை வாங்கிக்கொண்ட ஒவ்வொரு தொடுகையும் பதிவாகியிருந்தது.

வெளியே ஏதோ முறிந்தது. கட்டையா எலும்பா தெரியவில்லை.

மேனேஜர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். புண்ணியவான், கண்ணாடிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"ஸ்கிரீன்ல ஒரு கோளாறும் இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க அம்மிணி. வெளிய நடக்கறத நாங்க பாத்துக்கறோம்."

ஒரே ஒரு வரி. எழுதி, சேமித்து, திரைக்கு அனுப்ப அரை நிமிஷம். தொடுகைப் பதிவையும் அழித்துவிட்டால், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கர்சரை அந்த இடத்தில் வைத்தாள். வைத்தாள்தான், பொய் சொல்வானேன்.

தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மடிக்கணினியை மூடாமல் எழுந்தாள்.

அந்த முதுகுகளைத் தாண்டி அவள் குரல் போகப்போவதில்லை. நேரே பிரஸ்ஸிடம் போனாள். அவசரத்துக்கான சிவப்புக் குமிழ் பிரஸ்ஸின் மறுகோடியில் இருந்தது. காலையில் யாரோ ஓடிப்போய் அதை அடித்துத்தான் நிறுத்தினார்கள், கை போன பிறகு. குமிழைத் திருகி விடுவித்தாள். திரும்பி வந்து, திரைக்கு வெளியே பெட்டியில் பதித்திருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

பிரஸ் இறங்கியது. தரை அதிர்ந்தது.

கட்டையை ஓங்கியவன் அப்படியே நின்றான்.

ஏறியது. மறுபடி இறங்கியது. அதன் அடியில் காலை ரத்தத்தை இன்னும் யாரும் கழுவவில்லை.

அவள் திரையில் நிறுத்து என்பதை அமுக்கினாள். எல்லோருக்கும் தெரியும்படி கையைத் தூக்கித் தூக்கி அமுக்கினாள். ஐந்து தடவை. ஆறு. ஏழு.

பிரஸ் நிற்கவில்லை.

யாரோ ஓடிப்போய்ச் சிவப்புக் குமிழை அடித்தார்கள். அப்போதுதான் நின்றது.

தரையில் கிடந்தபடி, வீங்காத ஒரு கண்ணால் திருமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழ ஆரம்பித்தான். அத்தனை அடிக்கும் அழாதவன்.

"இந்த எழவெடுத்த டப்பாவ எவன் பண்ணுனது?" மாரப்பனின் தம்பி முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்றாள் அவள்.

அவன் திருமூர்த்தியின் காலரை விட்டான்.

அவளுக்குப் பின்னால், கண்ணாடி அறையின் கதவை மேனேஜர் உள்ளேயிருந்து தாழிட்டுக்கொண்டார்.