போனில் அப்பா

"டேய் ரேடியோ! மெஷின் கூப்பிடற நேரம். அப்பா குரல்ல பேசு. நல்லா சிரிச்சுப் பேசு!"

அம்மா ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

எவர் குரலும் எனக்கு அத்துப்படி; 'ரேடியோ' என்ற பட்டப்பெயரே அதனால்தான். ஹெட்மாஸ்டர் குரலில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டவன் நான்.

அப்பா, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் தனியாக உட்கார்ந்து கிரேன் ஓட்டுபவர். கம்பெனி மெஷின் வாராவாரம் போன் செய்து, தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு என்று கேட்கும். பதிலை மட்டுமல்ல, குரலையும் எடை போடும். சோர்வு தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

"இது திருட்டுத்தனம் இல்லையாம்மா?"

"வேலை போனா தெரியும். பேசாம பேசு!"

போன வாரமும் நான்தான். 'சூப்பரா இருக்கேங்க!' மெஷினே சொக்கிப்போனது.

அப்பா ஒரு காலில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று கையில். நான் குளிக்கப் போனபோதும் அப்படித்தான், வந்தபோதும் அப்படியேதான்.

"நானே பேசட்டுமாப்பா?"

"என்னமோ பண்ணு."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம். இந்த வாரம் நன்றாகத் தூங்கினீர்களா?"

"ஓ! படுத்தா போதும்..." அப்பாவின் பழைய குரலில் ஆரம்பித்தேன்.

பூட்ஸ் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் குனியக்கூட இல்லை.

சட்டென்று குரலை மாற்றினேன். அப்பாவின் இப்போதைய குரல். அதை நான் யாருக்கும் செய்து காட்டியதே இல்லை.

"இல்லைங்க. தூக்கமே வர்றதில்ல."

"டேய், பாவி!" அம்மா போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். நான் மேஜையைச் சுற்றி ஓடினேன்.

"எதிலாவது ஆர்வம் இருக்கிறதா?"

"எதுலயும் இல்ல."

"இதை யாரிடமாவது சொன்னீர்களா?"

"சொன்னா வீட்ல பயந்துடுவாங்க."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துரத்திக்கொண்டிருந்த அம்மா நின்றுவிட்டாள்.

"நன்றி. இணைப்பிலேயே இருங்கள்."

ஏதோ இசை ஓடியது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். மெஷின் செருமாது.

"டாக்டர் பேசறேன். சொல்லுங்க சார், நிதானமா சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

என்னிடம் இருந்த குரலெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. போனை நீட்டினேன்.

"அப்பா... உங்களுக்குத்தான்."