மண்ணுக்குப் போகும் தண்ணீர்

அவள் குழாயை நூலளவு திறந்தாள். சத்தம் வரக்கூடாது.

தேவாலயப் பீடத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அறையில் இரண்டு தொட்டிகள். ஒன்றின் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். மற்றதன் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு நேரே தோட்டத்து மண்ணில் இறங்கும். பூசைக் கிண்ணத்தைத் துடைத்த துணிகளை முதலில் அதில்தான் அலச வேண்டும். பூசையில் ஆண்டவரின் இரத்தமாகிவிட்ட திராட்சை ரசம் பட்ட துணி. அந்தத் தண்ணீர் சாக்கடையில் சேரக் கூடாது.

கோயில் துணிகளைத் துவைப்பவள் அவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தத் தொட்டிக்கு வந்து சேர்வாள்.

இன்று மட்டும் திருடியைப் போல வந்திருந்தாள்.

நாள் கழியாமல் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. பைபிளில் லேவியர் புத்தகத்தைத் திறந்து, பிள்ளை பெற்றவளின் தீட்டு வரும் இடத்தில் விரலை வைத்தே காட்டினார்.

"மாதாவே நாள் கழிச்சுத்தான் கோயிலுக்குப் போனாங்க. நீ என்ன அவங்களுக்கு மேலயா?"

அதற்கு முந்தின அதிகாரத்தின்படி இறாலும் விலக்கு. அத்தைக்கு இறால் என்றால் உயிர். அந்தப் பக்கத்தை மட்டும் எப்படியோ தாண்டிவிடுவார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு வலித்தது.

வண்ணச் சன்னல் வழியே மதிய வெயில் நீலமாக இறங்கி அவள் பாதத்தில் கிடந்தது. தரை மெல்ல அசைவது போலிருந்தது. பால் கட்டி மார்பு கனத்தது, மேல்சட்டை நனைந்திருந்தது. சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

துணியைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். சிவப்பு இழை இழையாகப் பிரிந்து, சுழன்று, இறங்கியது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

கதவு திறந்தது.

பங்குச் சாமியார். வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடி வந்திருந்தார்.

அவளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே அவருக்குத் தெரிந்தது, அது பூசைத் துணி இல்லை. ஓரத்தில் மஞ்சள் வாத்துகள் அச்சிட்ட, பிறந்த பிள்ளையைச் சுற்றும் சின்னத் துண்டு.

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெளியே போ என்று சொல்லிவிட்டால் இதைச் சாக்கடையில்தான் அலச வேண்டும். அதை அவளால் தாங்க முடியாது.

"மாதா கோயிலுக்குப் போனப்ப அவங்க கையில புள்ள இருந்துச்சு, சாமி."

அழாமல் பிறந்ததை முகம்கூடக் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்கள். மருத்துவமனையில் அவள் கையில் கொடுத்தது இந்தத் துண்டை மட்டும்தான்.

அந்தத் தீட்டைத் தொட்டவருக்கும் சாயங்காலம்வரை தீட்டு என்கிறது அதே புத்தகம். சாயங்காலப் பூசை சாமியாருடையது.

அங்கியின் கைகளை மேலே மடித்துவிட்டு, துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். குவளையில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றினார்.

"என்ன பேரும்மா வச்சிருந்தீங்க?"

இதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை.

அவள் குழாயை நிறுத்தினாள். சத்தமாகச் சொன்னாள்.