தலைவனின் கண்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கு அவர் தன் படைத்தலைவன் பொம்மையைத் தயார் செய்துகொண்டிருந்தார். கட்டைவிரல் உயரப் பூதப் பொம்மையின் உடம்பில் வேறொரு போர்வீரன் பொம்மையின் தலையை அறுத்து ஒட்டியாயிற்று. கவசத்தில் துருவும் வாளில் ரத்தமும் பூசியாயிற்று. கண்கள்தான் மக்கர் செய்தன. நாலு முறை அழித்து வரைந்தும் கருவிழிப் புள்ளி தள்ளியே விழுந்தது. தூரிகை சரியில்லை என்று புதிதாக மூன்று வாங்கினார். கடைசியில் வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக வரைந்து முடித்தார்.

சாயங்காலம் ஆட வந்த மைத்துனர் பொம்மையைக் கையில் எடுத்தார்.

"என்ன மச்சான், உன் தலைவன் ஒரு கண்ணால என்னைப் பாக்குறான், இன்னொரு கண்ணால கதவைப் பாக்குறான்?"

அவர் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நல்லாப் பாரு. நேராத்தான் இருக்கு."

மைத்துனர் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்ப என் கண்ணுதான் கோளாறா?"

"பின்ன? வலது கண்ணுல புரை முத்திப்போச்சே."

"கைராசிக்காரன் நீ இருக்க, எனக்கென்ன பயம்? நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு வரணும்?"

"ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடு. வேற டாக்டர்கிட்ட விடமாட்டேன். நாளைக்கு முதல் ஆபரேஷனா உன் கண்ணை நானே பண்ணிடறேன்."