மேனேஜர் குரலில் ஒரு போன்

“மேடம், இந்தக் கிஃப்ட் கார்டுல ஒரு ரூபா கூட இல்ல.”

பில் போடுகிற அக்கா சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கவுண்டர் மேல் வெள்ளை கவுன். அதன் ஓரத்தைப் பிடித்தபடி என் தங்கச்சி ஜானட். வர்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கோயிலில் அவளுக்குப் புதுநன்மை. முதல்முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள்.

“நல்லா பாரும்மா. மூவாயிரம் கீதுன்னு மெசேஜ்லயே போட்டுக்கீது,” என்று அம்மா போனை நீட்டினாள்.

“இருந்துச்சு. நேத்து யாரோ செலவு பண்ணிட்டாங்க. எங்க வாங்கினீங்க?”

“இவளுக்கு ஞானஸ்நானத்துல நின்ன ஞானத்தகப்பன், எங்கண்ணன் அனுப்புனாரு. ஆன்லைன்ல யாரோ கம்மி விலைக்குக் குடுத்தாங்களாம்.”

“அதான். கார்டு நம்பரை உங்களுக்கு வித்துட்டு, நீங்க வர்றதுக்குள்ள அவனே பொருள் வாங்கிடுவான். ஒரே நம்பரை நாலு பேருக்கு விக்கிறவனும் இருக்கான். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அப்பாவுக்குச் சம்பளம் ஞாயிறு கழித்துத்தான். அம்மா கவுனை மடித்துக் கவுண்டரிலேயே வைத்தாள்.

வண்ணாரப்பேட்டைக் கூட்டத்தில் வெளியே வந்ததும் நான் என் வேலையை ஆரம்பித்தேன்.

“‘மத்தி இன்னா வெல? இந்தக் காசுக்குக் காசிமேட்டுல சுறாவே தருவான்.’”

கார்டு அனுப்பிய இக்னேஷியஸ் மாமா குரல். அந்தக் கரகரப்பு எனக்கு அச்சு அசலாக வரும். மீன்காரியிடம் பேரம், ஆட்டோவில் பேரம், மெழுகுவத்தி வாங்கினாலும் பேரம் பேசுகிற மனுஷன்.

“‘புதுநன்மையா? முப்பது பர்சென்ட் தள்ளிக் குடுங்க ஃபாதர்.’”

வழக்கமாக விழுந்து விழுந்து சிரிக்கிற ஜானட் சிரிக்கவில்லை.

“வாய மூடு டெரிக்கு,” என்றாள் அம்மா. “இது அண்ணன் காதுக்குப் போவக் கூடாது. எதிர்வூட்டு ஞானசெல்வி பொண்ணு போன வருசம் போட்ட கவுன் கீது. கேட்டு வாங்கிக்கலாம்.”

“அது மஞ்சளாயிடுச்சும்மா,” என்றாள் ஜானட்.

“தொவச்சிக்கலாம்.”

அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். புதுநன்மைக்குக் கவுன் எடுத்துத் தருவது ஞானத்தகப்பன் முறை. அந்த ஒரே செலவிலும் கழிவு பார்த்தவர், ராத்திரிக்குள் வெட்கப்பட்டே ஆகணும்.

தோஸ்து பகலவனின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறினேன். அந்த நம்பர் மாமாவுக்குத் தெரியாது. கொஞ்சம் வழவழப்பு, கொஞ்சம் வெற்றிலை கலந்து மேனேஜர் குரலைத் தயார் பண்ணினேன். பகலவன் இப்போதே வாயைப் பொத்திக்கொண்டான்.

“வணக்கம். ஜவுளிக்கடை மேனேஜர் பேசுகிறேன். மிஸ்டர் இக்னேஷியஸ்தானே?”

“ஆமா சார்.” பின்னால் கன்டெய்னர் இறங்குகிற சத்தம். மாமா துறைமுகத்தில் வேலையில் இருந்தார்.

“நீங்கள் அனுப்பிய கார்டு செல்லாது. அதை நம்பி வந்த குடும்பம் எங்கள் கவுண்டரில் அவமானப்பட்டுத் திரும்பியது. குழந்தைக்குக் கொடுக்கும் பரிசிலும் தள்ளுபடி பார்க்கலாமா சார்?”

நான் பகலவனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

“செல்லலியா,” என்றார் மாமா. “மொதல்ல நூறு ரூபா கார்டு ஒண்ணு வாங்கிப் பாத்தேன் சார். செல்லுச்சு. அத நம்பித்தான் பெருசு வாங்கினேன். இனிமே அவன் போன எடுக்க மாட்டான் இல்ல?”

“எடுக்க மாட்டான்.”

“சரி. போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன். அவன வுடப்போறதில்ல. அந்தம்மா இன்னா சொல்லிச்சு?”

“உங்கள் காதுக்கு இது போகக் கூடாது என்று...” நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அப்டியா சொல்லிச்சு.” குரல் இறங்கியது. “பாப்பா?”

“பழைய கவுனைத் துவைத்துப் போடப் போகிறாள்.”

“அதெல்லாம் வாணாம். டபுள் ஷிப்டு கேட்டு வாங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை நானே கடைக்குப் போயி அந்தக் கவுனுக்குக் காசு கட்டிடறேன். மேனேஜர் சார், நீங்க ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. காசு கட்டினதும் சொல்றேன். அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டு, ‘எங்க மிஷின்லதான் கோளாறு, கார்டு நல்லாத்தான் கீது, வந்து துணிய வாங்கிக்கோங்க’ன்னு சொல்லுங்க. இதே கொரல்லயே சொல்லுங்க.”

மேனேஜர் குரலில் வெற்றிலை கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

“இதை முதலிலேயே முழு விலை கொடுத்துக் கடையில் வாங்கியிருக்கலாமே சார்?”

“வாங்கியிருக்கலாம். கைல மூவாயிரந்தான் இருந்திச்சு. தங்கச்சிக்கு மட்டும் புதுசு எடுத்தா, கோயில்ல அவ பக்கத்துல அண்ணங்காரன் பழச மாட்டிகினு நிப்பான். கார்டு கம்மியா வந்தா மிச்சத்துல அவனுக்கும் ஒண்ணு எடுக்கலாம்னு கணக்குப் போட்டேன். அந்தக் காசு தனியா கீது, அதுல கை வைக்க மாட்டேன்.”

யாரோ தூரத்திலிருந்து “இக்னேஷியஸு” என்று கூப்பிட்டார்கள். “தோ வந்துகினே கீறேன்,” என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, மாமா போனில் கேட்டார்.

“சட்ட உனக்கு முப்பத்தாறா, முப்பத்தெட்டா, டெரிக்கு?”