பாதி லட்டு

பிரிஜா தாலிச் சங்கிலியைக் கழற்றிப் புருஷன் சகாயத்தின் உள்ளங்கையில் வைத்தாள். பின்னாலேயே வளையல், கம்மல், மோதிரம். வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

செருப்பையும் உதறிவிட்டு, ஆஸ்பத்திரித் தராசில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூத்தியெட்டரை" என்றாள் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர், தொண்ணூத்தேழரையாக்கும். சனிக்கிழமதான் நிறுத்து உங்களுக்கு வாட்ஸப்புல அனுப்பினேன்."

இறங்கி ஏறினாள். மறுபடியும் இறங்கி ஏறினாள். தராசு நூற்றெட்டரையை விட்டு அசையவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால், நூற்றிருபத்துநாலு கிலோவோடு இதே ஆஸ்பத்திரியில் படுத்து இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டவள் அவள். இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓயாமல் வந்து போக முடியாதென்பதால், வாரம் ஒருமுறை எடையை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

முதல் மாதம் மளமளவென்று இறங்கியது. "ஒடம்புல உள்ள தண்ணி வடியுது. இனிமே மெதுவாத்தான் குறையும், மனசு விட்டுராதீங்க" என்றார்கள். அதன்பிறகு வாரத்துக்கு நானூறு கிராம், முந்நூறு கிராம். சில வாரம் அதுவும் கிடையாது. பிரிஜா மனசை விடவில்லை. நூறுக்குக் கீழே இறங்கிய அன்று குருசடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அவள் அனுப்பிய எடைகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஒரு வாரத்துல பதினோரு கிலோ ஏறாதும்மா. எங்க நிறுத்தீங்க?"

பிரிஜா புருஷனைப் பார்க்காமலே சொன்னாள். "இவங்களுக்க ஷெட்டுல, டாக்டர். மீன் நிறுக்கிய தராசுல."

சகாயம் கரையில் வள்ளக்காரர்களிடம் மீனை நிறுத்து வாங்கும் வியாபாரி. "ஏட்டி, நீ அதுல ஏறாத, தராசு சீத்தையாப் போவும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். தன் உடம்பை நினைத்துப் புருஷனே கூசுகிறானே என்று அன்று அடுக்களையில் நின்று அழுதாள்.

அதனால்தான் ஒளிந்து ஏறினாள். சனிக்கிழமைகளில், கடைசி ஆளாக மீன் நிறுக்க வரும் வள்ளக்காரர் மரியான், "தூக்கிட்டு வரும்போ இதவிடக் கனம் உண்டே சகாயம்" என்று முணுமுணுப்பார். "தண்ணி வடிஞ்சிருக்கும் அண்ணே" என்பான் சகாயம். இரண்டு பேரும் டீ குடிக்கக் கிளம்பியதும் இவள் உள்ளே நுழைவாள்.

டாக்டர் சகாயத்தின் பக்கம் திரும்பினார். "தராசு கெட்டுப்போயிருக்குமோ?"

சகாயம் கையிலிருந்த வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல டாக்டர். நல்ல தராசு. கவர்மென்டு முத்திர வச்சதாக்கும்."

"அப்போ இந்த எடையெல்லாம் நீங்களா போட்டு அனுப்பினதா, பிரிஜா? எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நட்டம் உங்களுக்குத்தான்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சொந்தக்காரப் பொண்ணு அஜிதாவுக்க கல்யாண மனசம்மதத்துக்கு ஒரு லட்டு தின்னேன், டாக்டர்" என்றாள். "முழுசு இல்ல. பாதி."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சகாயம் சிரிக்கவில்லை. தலைகுனிந்து நின்றான். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டதற்கு அவனும் சேர்ந்து தலைகுனிய வேண்டியிருக்கிறதே என்று பிரிஜா குறுகிப்போனாள்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பாதி லட்டு பதினோரு கிலோ ஆகாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் வேறு என்ன தின்றோம் என்று ஒவ்வொரு நாளாக யோசித்துக்கொண்டே வந்தாள். தூக்கத்தில் எழுந்து போய்த் தின்றிருப்போமோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள். இரணியல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் தன் பேரிலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஊர் வந்ததும் சகாயம் வள்ளம் ஏதும் வந்திருக்கிறதா என்று கரைக்குப் போனான். பிரிஜா வீட்டுக்குள் போகாமல் நேராக ஷெட்டுக்குப் போனாள். இன்றைக்கு ஒளிய வேண்டியதில்லை. ஒளிக்க இனி என்ன மிச்சம்? தராசில் ஏறினாள்.

தொண்ணூற்றேழரை.

காலையில் உடுத்திய அதே சுடிதார். ரயிலில் குடித்த இரண்டு மடக்குத் தண்ணீர்தான் கூடுதல். வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இறங்கி, மூலையில் பிரிக்காமல் கிடந்த அரிசி மூட்டையை இழுத்து வந்து தராசில் ஏற்றினாள். சாக்கின் மேல் இருபத்தைந்து கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. தராசு இருபத்திரண்டரை காட்டியது.

வாசலில் நிழல் தட்டியது. சகாயம் நின்றுகொண்டிருந்தான். அவளுடைய நகைகள் இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தன.

"ஏட்டி, அத எறக்கு" என்றான் தாழ்ந்த குரலில். "ஆளு வருது."

அவனுக்குப் பின்னால் மரியான் ஒரு கூடை சாளை மீனைத் தலையிலிருந்து இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிரிஜா மூட்டையை இறக்கவில்லை. குரலையும் இறக்கவில்லை.

"மரியானண்ணனுக்க மீனும் எனக்க கூடத்தான் மெலிஞ்சிருக்கு, இல்லியா?"