திண்டிவனத்து வண்டி லேட்

“முப்பத்தேழு!”

“ப்ரசன்ட் சார்!” கடைசி பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தான் சந்தோஷ். அவனுடைய எண் நாற்பத்தொன்று. முப்பத்தேழு என்பது ஆனந்தராஜ். திண்டிவனத்து வண்டி இன்றைக்கும் லேட்டாம்.

வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே டிக் போட்டார் அரங்கநாதன் சார். சந்தோஷுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பி.காம். முதலாண்டு சேர்ந்த புதிதில், தன் எண்ணுக்கே அவனால் பதில் சொல்ல முடிந்ததில்லை. கோலியனூரில் டவுன் பஸ் பிடித்து, மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பான். எண் கூப்பிடும்போது மட்டும் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டிக் குரல் எழும்பாது. வகுப்பில் இருந்துகொண்டே பதினோரு நாள் ஆப்சென்ட் ஆகியிருந்தான். இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆனந்தராஜ் வந்து தோளில் கை போட்டான்.

“மச்சான், எங்க ட்ரெய்ன் டெய்லி லேட்டுடா. ஃபர்ஸ்ட் அவர் நீதான் எனக்கு ப்ராக்ஸி குடுக்கணும். உன்னத்தான் நம்பிக்கினு இருக்கேன்.”

“நானா? எனக்கே வாய் வர மாட்டேங்குதுடா...”

“நீ வாயத் தொறக்கலன்னா நான் காலி. அவ்ளோதான்.”

முதல் நாள் சந்தோஷ் கோட்டை விட்டான். ஆனந்தராஜுக்கு ஒரு நாள் போயிற்று. “உடு மாமே, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று அவன் சிரித்ததுதான் குத்தியது. மறுநாள் சந்தோஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான். கத்திய வேகத்தில் நாற்பத்தொன்றுக்கும் சேர்த்துக் குரல் வந்துவிட்டது.

அடுத்த வாரம், அதே வண்டியில் வரும் பிரான்சிஸும் கேட்டான். அதற்கடுத்த வாரம் வேணி. அவளுக்காகச் சந்தோஷ் சன்னக் குரலில் இழுத்தபோது சாரின் பேனா ஒரு கணம் நின்றது.

“என்னம்மா, ஜலதோஷமா?”

“ஆமா சார்” என்றான், அதே குரலில். வகுப்பே பெஞ்சில் கவிழ்ந்து சிரித்தது. இத்தனை பேர் தன்னோடு சேர்ந்து சிரிப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

அன்று வெளியே அடைமழை. முதல் வகுப்பு முடிந்ததும், “ஸ்டேஷன்லேர்ந்து ஒரே ஓட்டமா வர்றோம்டா” என்று மூவரும் நுழைந்தார்கள். வேணி நீட்டிய மல்லாட்டைப் பொட்டலம் நனையவில்லை, சூடும் ஆறவில்லை. நால்வரும் கடலையைக் கொறித்துத் தீர்த்தார்கள்.

ஆனாலும் சந்தோஷுக்கு மனசு கேட்கவில்லை. வண்டி தாமதமானால் இவர்கள் ஏன் பாடத்தை இழக்க வேண்டும்? ஒரு மனு எழுதினான். பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்களிடமெல்லாம் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பேசி, நாற்பது கையெழுத்து வாங்கிவிட்டான்.

மனுவைப் பார்த்ததும் ஆனந்தராஜின் முகம் போன போக்கு! “டேய், வேணாம்டா. பெரிய பேஜாராயிடும்.”

“நீ ஏன்டா பயப்படுற? நான் பேசுறேன்.”

“அய்யோ, அதான்டா பயமே!” என்றாள் வேணி.

சாயங்காலம் விழுப்புரம் ஸ்டேஷன். மூவரும் தயங்கித் தயங்கிப் பின்னால் வர, சந்தோஷ் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் போய் நின்றான்.

“சார், திண்டிவனத்துலேர்ந்து காலையில வர்ற பாசஞ்சர் ரெண்டு மாசமா லேட்டு. எங்க பசங்க படிப்பு கெட்டுப் போவுது. நீங்க பதில் சொல்லியே ஆவணும்!”

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் நடுங்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் மனுவை முழுக்கப் படித்தார். வண்டிகள் வந்த நேரம் குறித்த பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, சந்தோஷையும் அவனுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, அந்த வண்டி ஒரு நாள்கூட லேட்டா வரலியே!”